மற்றவன் மட்டையைக் கீழே வைக்கட்டும்

பகிஷ்கரிப்பவர்கள் ஒரு சாதி; பகிஷ்கரிக்கச் சொல்பவர்கள் வேறு சாதி. முதற்சாதி அபூர்வமாகத்தான் கண்ணில் படும். இரண்டாவதற்கு ரொறன்ரோவில் பஞ்சமே இல்லை. தமிழ்க் கடையில் நீங்கள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது தோளைத் தட்டி, "உவங்கள் ஏன் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாங்கள்?" என்று கேட்ட மனிதரை நினைவிருக்கிறதா? அவரேதான். அவருக்குக் குலசிங்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடை. கனடாவில் குடிவரவுச் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். அடையாளப் பத்திரம் இல்லாத அகதிக்கு நிரந்தர வதிவிடம் கிடையாது. அது இல்லாதவன் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட முடியாது. குலசிங்கத்தின் மனைவி புனிதவதியின் தம்பி கிருபன் இதில்தான் மாட்டிக்கொண்டான். அவனுடைய பத்திரமெல்லாம் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. மனைவியும் மகள் சிவானியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தார்கள். அவன் டோர்செட் பார்க் பகுதியில் அக்கா வீட்டு சோபாவில் கிடந்தான்.

குலசிங்கத்துக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம்தான், அதில் பழுது சொல்ல முடியாது. ஆனால் அது அரசாங்கத்தின் பக்கம் போகாமல், எப்படியோ வழிதவறி, பேஸ்போல் ஆட்டக்காரர்கள் தலையில் போய் விழுந்தது.

"போன வருசம் சம்பளத்துக்காக மட்டையைக் கீழை வைச்சவங்கள், அகதிக்காக ஒருநாள் வைச்சால் கையா முறிஞ்சுபோகும்? பேஸ்போல், ஹொக்கி, பாஸ்கட்போல், எல்லா லீக்கும் ஒண்டாய் மறியல் செய்தால் சட்டம் அடுத்தநாளே கிழியும்!"

இந்தச் சொற்பொழிவு மின்தூக்கியில் நடந்தது. உடுப்புத் தோய்க்கும் அறையில் நடந்தது. கோயில் அன்னதான வரிசையில் நடந்தது. ஒரு செத்தவீட்டில், பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்புகூட நடந்தது. பின்னேரங்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தி, "விளையாடாதை! வெக்கமில்லையோ!" என்று கத்துவார். பந்து மைதானத்துக்கு வெளியே பறந்தால் எழும்பி நின்று கைதட்டுவார். பிறகு குந்தி மறுபடியும் கத்துவார். முழு ஆட்டத்தையும் பார்த்து முடிக்காமல் அவர் எந்த ஆட்டத்தையும் கண்டித்ததில்லை.

அவரோடு தொழிற்சாலையில் வேலைசெய்த மன்னார்க்காரர் சீமோன் ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, உந்த ஆட்டக்காரரில எத்தினை பேர் டொமினிக்கன் பக்கமிருந்து விசாவில வந்தவங்கள். ஆடாமல் விட்டால் அவங்களைத் திருப்பி அனுப்பமாட்டாங்களோ?"

"ஒரு நோக்கத்துக்காகக் கஷ்டப்படத்தான் வேணும் சீமோன்."

"ஆர்?"

"அவங்கள்தான்!"

ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் கூடி ஸ்காபரோவில் ஒரு கரப்பந்தாட்டப் போட்டி நடத்தின. அதற்கும் தலைவர் நம்மவரே. தலைவர் இருக்கும் இடத்தில் தீர்மானம் இல்லாமல் போகுமா? 'வட அமெரிக்காவின் சகல தொழில்முறை லீக்குகளும் உடனடியாக ஆட்டத்தை நிறுத்தவேண்டும்' என்று ஏகமனதாக நிறைவேற்றி, லீக் அலுவலகங்களுக்குத் தொலைநகலில் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. "பயந்திட்டாங்கள்" என்றார் குலசிங்கம்.

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் அகதிகள் அமைப்புகள் ஆர்ப்பாட்டம் அறிவித்தன. அதே நாள், அதே மத்தியானம், நம்மவர் போட்டியின் இறுதியாட்டம். குலசிங்கத்தின் பள்ளிக்கூடம், ஊரில் பதினைந்து மைல் தள்ளியிருந்த பரம எதிரிப் பள்ளிக்கூடத்தைச் சந்திக்கும் நாள். அவருடைய அணியின் அடிகாரன் யார் தெரியுமா? கிருபன். வலைக்கு மேலே அவன் எழும்பினால் எதிரணி குனியும்.

தேநீர் கொண்டுவந்த புனிதவதி செயற்குழுவுக்கு நடுவில் நின்று கேட்டாள்.

"இஞ்சருங்கோ, மாட்ச்சுக்கு வாற சனம் முழுக்க அங்கை வந்தால் ஒரு தெரு நிறையும். இறுதியாட்டத்தை அடுத்த கிழமைக்கு வையுங்கோவன். நாங்களும் ஒரு லீக்தானே?"

குலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"உமக்கு உது விளங்காது. அது தொழில்முறை, இது பொழுதுபோக்கு. பார்க்குக்கு அனுமதி எடுத்தாச்சு, கொத்துரொட்டிக்கும் சொல்லியாச்சு. விளையாட்டுக்குள்ளை அரசியலைக் கலக்கப்படாது!"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எல்லா ஆட்டக்காரரும் கையில் கறுப்புப் பட்டி கட்டுவது என்றும், ஒரு நிமிட மௌனம் காப்பது என்றும் முடிவாயிற்று. மனச்சாட்சிக்கு இதைவிட மலிவான மருந்து உண்டா?

இறுதியாட்டத்தன்று கறுப்புப் பட்டி வந்தது, கொத்துரொட்டி வந்தது, பிக்கரிங், மார்க்கம் நகரங்களிலிருந்தெல்லாம் கார் காராகச் சனம் வந்தது. கிருபன் வரவில்லை. அவன் அக்காவோடும் சீமோனோடும், சில சோமாலியப் பெண்களோடும், மகளின் படத்தை அட்டையில் ஒட்டிப் பிடித்தபடி குடிவரவு அலுவலக வாசலில் நின்றான். மொத்தமாக ஒரு பஸ்ஸுக்கும் போதாத கூட்டம். அதிகாரிகள் யன்னல் சீலையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. பார்க்கில் குலசிங்கத்தின் அணி மண்கவ்வியது.

அன்றிரவே செயற்குழு கூடியது. தலைவர் மேசையில் அடித்துப் பேசினார்: ஒழுங்கு முக்கியம், காரணம் சொல்லாமல் ஆட்டத்தைப் பகிஷ்கரித்தவனுக்கு ஒரு பருவகாலத் தடை. இதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அந்த வருடம் முழு வட அமெரிக்காவிலும் அவருடைய தீர்மானத்துக்குக் கீழ்ப்படிந்த ஒரேயொரு ஆட்டக்காரனுக்கு அவரே தடை போட்டார்.

வீட்டில் புனிதவதி சத்தம் போடவில்லை.

"நல்லது. ஆள் ஆரெண்டு தெரியேல்லை எண்டு இந்த நாடு அவனை வெளியில நிப்பாட்டி வைச்சிருக்கு. நீங்கள் அவன் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டே நிப்பாட்டிப் போட்டியள்."

குலசிங்கத்துக்கு அன்று பேஸ்போல் பார்க்கவும் மனம் வரவில்லை. ஒரு பத்து நிமிடம்.

வாசகரே, உங்கள் மூக்கு சிவப்பது தெரிகிறது. "இப்படிப்பட்ட ஆட்களோடு சமூகமே பேச்சுவார்த்தையை நிறுத்தவேண்டும்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டீர்கள். நியாயம்தான். ஒரேயொரு கேள்வி: சமூகம் என்று நினைத்தபோது, அதில் உங்களையும் சேர்த்தா எண்ணினீர்கள்?