தலைவரின் மூன்றடுக்கு உடை

மனித குலம் ஆழத்தை வென்ற வரலாற்றை எழுதுகிறவர்கள், டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். 'ஆழ்நீர் மூழ்குவோர் சங்க'த்தின் தலைமையகம் அதுதான். ஐம்பது மீட்டர் ஆழத்தைப் பற்றிப் பேசாத வாரம் அங்கே கிடையாது. ஐம்பது மீட்டர் ஆழத்துக்குப் போன வாரமும் கிடையாது.

ஏரிக்கடியில் கிடந்த பழைய பயணப் படகை, மழைக்கு முன் ஏதாவது ஒரு நாள் வெட்டி எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. கரையில் கட்டியிருந்தபோது புயலில் மூழ்கிய படகு அது. சங்கத் தலைவரின் மனைவி கல்யாணத்துக்கு முன் அதில்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் டிக்கெட் ஜன்னலை அது இருக்கும் இடத்திலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூழ்குவதில் கணவரைவிடக் கைதேர்ந்தவர். ஆனால் அந்த ஆழத்துக்குத் தனியாக இறங்கக் கூடாது. துணை என்றால் கணவரை விட்டு வேறு யார்?

"என்னங்க, இந்த வாரம் இறங்கலாமா?"

"எதைப் போட்டுக்கிட்டு? கீழ தண்ணி பனிக்கட்டியா இருக்கும். துணி இன்னும் முடிவாகல."

உடம்பில் நீர் படாமல் காக்கும் டிரைசூட்டை எந்தத் துணியில் தைப்பது என்பதுதான் தலைவரின் 'ஆய்வு'. மனைவியிடம் முழங்காலில் ஒட்டுப் போட்ட பழைய டிரைசூட் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இறங்குவார், ஏறுவார், தலையைத் துவட்டுவார். இதற்கெல்லாம் ஆய்வு என்று பெயர் கிடையாது.

சங்கம் கூடியது.

"நியோப்ரீன் ரப்பர்தான் கதகதப்பு, தலைவரே. உடம்போட இழுத்துக் கொடுக்கும்," என்றார் செயலாளர்.

"கீழ போகப் போக நசுங்கிடுமே. நசுங்கினா கதகதப்பு ஏது?"

"அப்போ மூணடுக்குத் துணி. நசுங்காது."

"இழுத்துக் கொடுக்காதே. அளவு தப்பினா?"

"அப்போ நியோப்ரீன்."

இந்த இடத்தில் காபி வந்தது.

ஒருவழியாக மூன்றடுக்குத் துணி 'கொள்கையளவில்' வென்றது. தையல்காரர் அளவெடுக்க வந்தார். நாடா இடுப்பைத் தொட்டதும் தலைவர் தொப்பையை எக்கிக்கொண்டார். போட்டோவுக்கு நின்று நின்று வந்த பழக்கம்.

"மூச்சு விடுங்க சார்."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மூச்சு விடாமல்.

"உள்ள போடற கம்பளி உடுப்போட அளவெடுக்கணுமே?"

"அது வீட்ல இருக்கு. நீங்க எடுங்க."

உடை வந்தது. கம்பளி உடுப்பின் மேல் அதை ஏற்றியதும், தலைவர் இறுக்கிக் கட்டிய மூட்டை மாதிரி நின்றார். முதுகுச் சிலிண்டரின் வால்வைத் தன் கையாலேயே எட்டித் திருக முடிய வேண்டும். அது உயிர் விஷயம். அவர் கை காதைத் தாண்டவில்லை.

"பாத்தியா? இதோட இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் மனைவியிடம். குரலில் கவலையைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

அடுத்த முறை கம்பளி உடுப்பின் மேல் குளிர்கோட்டும் போட்டு, நெஞ்சை விரித்து நின்று அளவு கொடுத்தார். வந்த உடையில் செயலாளரும் கூடவே நுழையலாம்.

"தொளதொளன்னு இருந்தா உடைக்குள்ள இருக்கற காத்தெல்லாம் காலுக்குப் போயிடும். தலைகீழாத் தொங்குவீங்க, தலைவரே."

அதுவும் திரும்பிப் போனது. மனைவி கேட்பதையே நிறுத்திவிட்டார். அவள் ஆய்வின் அருமையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று தலைவர் சங்கத்தில் பெருமையாக அறிவித்தார்.

மூன்றாவது உடை கச்சிதமாகப் பொருந்தியது. குனிந்தார், நிமிர்ந்தார், வால்வை எட்டித் திருகினார். சங்கம் கைதட்டியது. தலைவர் மட்டும் எங்கேயாவது தையல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இனிமேல் சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

மறுநாள் வீட்டிலேயே உடையை மாட்டிக்கொண்டு, மனைவியோடு ஏரிக்கரையில் வண்டியை விட்டு இறங்கினார். அங்கே கிரேன் வேலை செய்துகொண்டிருந்தது. இவர்கள் தண்ணீருக்குள் கீழே போவதற்குள் படகே மேலே வந்துவிட்டது. நசுங்கிய தகரக் குவியலில் எது தன் ஜன்னல் என்று மனைவிக்கே தெரியவில்லை. சேறு வழிந்த துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

தலைவர் ஆறுதல் சொன்னார். "விடும்மா. உடை எவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கு பாரு. வேற படகு ஏதாவது மூழ்காமலா போயிடும்?"

மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற துணையைக் கூட்டிக்கிட்டு இறங்கியிருப்பேன்ல?"