வராத மந்திரி போட்ட ரோடு

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் போட்ட ரோடுகளில் பாதியைச் சர்க்கார் போட்டது. மீதியைப் போட்டவர், ஊரார் 'தோரணம்' என்று கூப்பிட்ட ஒரு மனிதர். பஞ்சாயத்து போர்டில் அவருக்கு நாற்காலி கிடையாது, கட்சி கிடையாது, ஒரு கதர்ச் சட்டைகூடக் கிடையாது. மாந்தோப்புக் குத்தகைக்காரர், அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவரை எனக்குப் பிடிக்கவும் இல்லை.

காரணம் இருந்தது. எங்கள் தெருவை ஒழுங்கு பண்ணச் சொல்லி மனுமேல் மனுவாக எழுதிப் போட்டவன் நான். ஹைஸ்கூல் வாத்தியார், கையெழுத்துக்குப் பேர் போனவன். போர்டு பிரசிடெண்டு ஒவ்வொரு மனுவையும் கையில் வாங்கி, "எழுத்து முத்து முத்தா இருக்குது வாத்தியாரே!" என்று மெச்சுவார். தெரு மட்டும் அப்படியே கிடக்கும்.

தோரணம் மனுவெல்லாம் எழுதமாட்டார். குண்டும் குழியுமாக ஒரு தெருவைப் பார்த்து வைத்துக்கொள்வார். ஒருநாள் காலையில் தோப்பு மாவிலையைக் கொண்டுவந்து தெருமுனையில் தோரணம் கட்டுவார். இரண்டு பக்கமும் வாழைமரம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதற்கடியில் நாற்காலியில் உட்கார்ந்து, பெங்களூர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போகிற பெரிய மனிதர்களின் கார்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எந்தக் கார் எந்தத் தெருவில் திரும்பித் தொலைக்குமோ என்று பிரசிடெண்டுக்குப் பயம். ஓடி வருவார்.

"யாருப்பா வர்றாங்க?"

"என்னைப் போயிக் கேக்கறீங்களே! பிரசிடெண்டு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியாது என்று சொல்ல எந்தப் பிரசிடெண்டுக்கு வாய் வரும்? "தெரியும், தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்" என்று நழுவிவிடுவார். மறுநாளே கப்பிக்கல் வண்டிகள் வரும். பின்னாலேயே புகை கக்கிக்கொண்டு ரோடு எஞ்சின் வரும். அப்புறம் யாரும் வரமாட்டார்கள். "கடைசி நேரத்துல புரோகிராம் மாறிப்போச்சு" என்று பிரசிடெண்டே ஊருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிவார்.

கோயில் தெரு இப்படித்தான் ரோடானது. சந்தைத் தெருவும் இப்படித்தான். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சகித்திருப்பேன். என் மனைவியும் சேர்ந்துகொண்டதுதான் பொறுக்கவில்லை.

"ஏங்க, அந்த அண்ணனை ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அவள் நிறைமாதம். தாய்வீடு வேப்பனப்பள்ளி, அங்கே ஆஸ்பத்திரி இல்லை என்று இங்கேயே தங்கியிருந்தாள். ஜட்காக்காரர்கள் எங்கள் தெருமுனையிலேயே குதிரையை நிறுத்திவிடுவார்கள். "உள்ள வந்தா அச்சு முறிஞ்சுரும் சாமி!" வலி எடுத்தால் அந்தப் பள்ளங்களில் அவளை எப்படி நடத்திக் கூட்டிப்போவேன்? அதற்காகத் தோரணத்தின் வாசலில் போய் நிற்பதா? மாவிலை அவருக்கு மட்டும்தான் கட்ட வருமா?

நானே கட்டினேன். ஜரிகை வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிரசிடெண்டு வந்தார்.

"யாரு வாத்தியாரே வர்றது?"

கேள்வி என்று ஒன்று வந்தால் வாத்தியாரின் வாய் சும்மா இருக்குமா? "மராமத்து மந்திரிங்க!" என்று இலாகாவோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அவரு கால் ஒடிஞ்சு மெட்ராசுல படுத்திருக்காரே!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மனைவி என்னைக் கேட்காமல் தோரணத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாள். மறுநாள் அவர் வந்து, வாடிப்போன என் மாவிலைகளை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். என் முடிச்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதை ஜன்னல் வழியாகக் கண்ணால் கண்டேன். பிரசிடெண்டு சிரித்தபடியே வந்தார்.

"இங்கயும் நீயா? வாத்தியாரு மந்திரின்னாரே!"

"மந்திரின்னு நான் சொல்லலீங்களே."

பிரசிடெண்டின் சிரிப்பு நின்றது. "அப்ப... மந்திரிக்கும் மேலயா?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

மறுநாளே ஆட்களை இறக்கிவிட்டார். கப்பி போட்டு, சரளை கொட்டி, தண்ணீர் தெளித்து, எஞ்சினை ஓட்டு ஓட்டென்று ஓட்டி, ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பும் அடித்தார்கள்.

வலி எடுத்த அன்று ஜட்கா எங்கள் வாசலுக்கே வந்தது. அலுங்காமல் போனாள். பெண் குழந்தை, தாயும் சுகம். குழந்தையோடு வீடு திரும்பியபோது வாசலில் தோரணமும் இருந்தார். "முதல்ல அண்ணனுக்கு ஆரத்தி சுத்துங்க" என்றாள் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையில் வீல் என்று கத்திய குழந்தை அவர் கைக்குப் போனதும் தூங்கிவிட்டது. அதற்கும் வயிறு எரிந்தேன்.

அப்புறம் தோப்புக் குத்தகை முடிந்து அவர் ஓசூருக்குக் குடிபோய்விட்டார். விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். மழைக்கு எங்கள் ரோட்டில் மறுபடியும் பள்ளம் விழுந்தது. மனு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தெருமுனையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து வந்த ஒருவர், அங்கே தெருவெல்லாம் ஜம்மென்று ஆகிக்கொண்டு வருகிறது என்றார்.

தோரணத்தின்மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று. ஓசூர்க்காரர்கள் மேல் இன்னும் இருக்கிறது.