‘போ’வுக்கு மரியாதை வந்த கதை

சாப்பாட்டுக் கடை வைக்க அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், கைமணம் வேண்டும் என்று நினைப்பவர்கள் விவரம் புரியாதவர்கள். முதலில் வேண்டியது லைசென்ஸ். சைகோன் ஓட்டல்களில் கரண்டி பிடித்து, வியட்நாம் சண்டை முடிந்ததும் பாங்காக் வழியாக ஊர் திரும்பிய ஆபித் பாஷாவுக்கு இது தெரியாமல் போனது அவர் தலையெழுத்து.

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் கடை பிடித்தார். மனைவி சுகரா பேகத்தின் வளையல்கள் பாத்திரங்களாக மாறின. ஊரெல்லாம் பிரியாணி, நாமாவது புதுசாகக் கொடுப்போம் என்று தாய்லாந்துக் குழம்பும், எலும்பு சூப்பில் அரிசிச் சேவை மிதக்கும் வியட்நாம் ‘போ’வும் செய்தார். போர்டு எழுதிய கன்னியப்பனுக்குப் பலகை பத்தவில்லை. ‘லாந்து’ ஜாஸ்தி, ‘வியட்நாம்’ ஜாஸ்தி என்று வெட்டிவிட்டு, இரண்டே சொல்லைப் பெரிசாக எழுதிக் கொடுத்தார்:

தாய், போ.

நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் ஜம்புலிங்கம் வந்தார். அடுப்பைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பெத்தவளப் பார்த்து போன்னு எழுதி வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"சார், தாய்ன்றது நாடு சார். ‘போ’ன்றது சூப்பு."

"ஓ, தாய்நாட்டையே ‘போ’ன்றியா? எந்த ஊர்லய்யா இப்டி சொல்லுவான்?"

"வியட்நாம்ல சார்."

"அதான் அங்க அவ்ளோ சண்டை."

அன்றே ஆணை பிறந்தது: ‘மேற்படி பலகை தாய்க்குலத்தின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாலும், வாடிக்கையாளரை வெளியேற்றும் தன்மையுடையதாலும், போ என்னும் பதார்த்தத்தை வா எனத் திருத்தி, மாதிரி சமர்ப்பிக்க வேண்டியது. தவறினால் கடை பூட்டப்படும்.’ மாதிரி பெரிய தூக்குச்சட்டியில் சமர்ப்பிக்கப்பட்டது.

மறு ஆய்வுக்கு ஜம்புலிங்கம் வந்து உட்கார்ந்தார். ஆபித் பாஷா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சாருக்கு ஒரு வா!"

ஆய்வாளர் எழுந்துவிட்டார். "கவர்மெண்ட் ஆளையே வான்றியா?"

"உங்கள இல்ல சார், சூப்ப."

"சூப்பு யாருக்கு வருது? எனக்குத்தானே? அப்ப மரியாதையும் எனக்குத்தானே வரணும்?"

இந்த வாதத்துக்கு இன்றுவரை மறுப்பு கண்டுபிடிக்கப்படவில்லை. கன்னியப்பன் மறுபடி பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். ‘தாய், வாங்க.’

அப்புறம் பாருங்கள், அந்தக் கடையில் சாப்பிடுவது நாகரிகமாகிவிட்டது. ஷூ கம்பெனி மேனேஜர்கள் குடும்பத்தோடு வந்து, குச்சியால் சேவையைத் துரத்தித் துரத்தி, "ஆஹா!" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் போய்ப் பசியாறப் பிரியாணி சாப்பிட்டார்கள். நகராட்சிக்காரர்கள் அப்படியில்லை, உண்மையாகவே சாப்பிட்டார்கள். தினமும், ஓசியில். மாதிரி என்ற பேரில் கேரியரிலும் போயிற்று.

"லைசென்ஸ் எப்ப சார்?"

"ஃபைல் மேலிடத்துல இருக்குய்யா. அவரு இன்னும் ருசி பார்க்கல."

அரிசி மூட்டை தரைதட்டியது. வளையல் போன மொட்டைக் கையோடு சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சுகரா பேகம் வெடித்தாள். "போர்ட இன்னான்னு எழுதி வச்சிருக்கீங்க? வாங்கன்னுதானே? வர்றவங்க வாங்காம இன்னா பண்ணுவாங்க?"

ஆபித் பாஷாவுக்குச் சுரீர் என்றது. போர்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே நகராட்சி ஆபீசுக்குப் போய், ஜம்புலிங்கத்தின் மேஜைமேல் தொப்பென்று போட்டார். "பேஜாரா போச்சு சார். இது என் கடைக்கு வேணாம். உங்க ஆபீசுக்குத்தான் பொருத்தம்!"

ஜம்புலிங்கம் நிதானமாகப் படித்தார். மறுபடியும் கண் கலங்கிவிட்டது. "பொதுஜனத்த வரவேற்கணும்னு உனக்காவது தோணிச்சே! நாளைக்கு வாய்யா, லைசென்ஸ் ரெடியா இருக்கும்."

மறுநாள் ஆபித் பாஷா போனபோது, ‘தாய்’ அறுபட்டு, ‘வாங்க’ மட்டும் ஆபீஸ் வாசல் நிலைக்கு மேலே தொங்கியது. கீழே நீளமான வரிசை. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணாந்து படித்தார்கள், தலையாட்டினார்கள், சட்டை ஜோபிக்குள் கையை விட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆபித் பாஷாவும் படித்தார். அவர் கையும் தன்னால் ஜோபிக்குப் போயிற்று.