டேவிட்சன் சாரும் பதினோராம் நம்பர் அறையும்

டேவிட்சன் என்ற பெயரைக் கேட்டாலே ஹேமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு லாட்ஜ். போன ஆடிக் கிருத்திகைக்குப் பதினோராம் நம்பர் அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு காவடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தான். அந்த மானக்கேடு மறுபடி வரக்கூடாதென்றுதான் மனைவி மோகனப்ரியா, அறைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க ஆன்லைனில் டேட்டாபேஸ் படித்தாள். சொல்லிக்கொடுப்பவர் டேவிட்சன் சார். படிக்கட்டும், யார் வேண்டாமென்றது? சாயங்காலமானால் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாளே, அதுதான் வயிற்றெரிச்சல்.

"சூப்பர் மோகனப்ரியா மேடம்!" என்று போன் கொஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு தடவைகூட அவன் சூப்பர் என்றதில்லை. அது வேறு உறுத்தியது.

"பாடத்துல இன்னா சிரிப்பு?"

"சாரு அவ்ளோ நல்லா சொல்லித் தராருங்க. டேபிள் போடத்தான் எனக்கு இன்னும் வரல. சார நேர்லயே வரச் சொல்லட்டா?"

"நான் இன்னா செத்தா பூட்டேன்? தள்ளு, நானே போடறேன்!"

உட்கார்ந்தான். 'கிரியேட் டேபிள்' என்று அடித்தான். அறை எண், தேதி, பெயர் என்று கட்டங்களை அமைத்தான். ஒரே அறை இரண்டு பேருக்குப் போகக்கூடாதென்று அறை எண்ணையே பிரைமரி கீ, அதாவது மறுதடவை பதிய விடாத பூட்டு, ஆக்கினான். கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒருவருக்குக் கொடுத்த அறையை அப்புறம் ஜென்மத்துக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மறுத்தது.

"லாட்ஜா, இல்ல அவங்களுக்கே எழுதிக் குட்த்துட்டீங்களா? சாரு கிட்ட ஒரு வார்த்த..."

"சாரு பேச்ச எடுக்காத!"

சோறு தண்ணி மறந்து முட்டி மோதினான். அறை எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் கீ என்பது ஒருவழியாக மண்டையில் ஏறியது. ஆடிக் கிருத்திகைக்குப் பதினோராம் நம்பரை இரண்டாம் தடவை கொடுத்துப் பார்த்தான். முடியாது என்று கம்ப்யூட்டர் முறைத்தது. ஹேமநாதன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"பாத்தியா? இனிமே அந்தாளுகிட்ட பேசக்கூடாது."

"எங்க பேசறது? அவரு க்ளாஸு சித்திரையிலயே முடிஞ்சு பூச்சு. பழைய ரெக்கார்டிங்கத்தான் போட்டுப் போட்டு சிரிச்சுக்கினு இருந்தேன். கூடமாட செய்ங்கன்னு கெஞ்சனப்பல்லாம் உங்க காதுல ஏறலியே!"

ஹேமநாதன் தூக்கிவிட்ட காலரை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான்.

"வரவங்க போன் நம்பர் வெக்க இன்னொரு டேபிள் வோணும்" என்றாள் மோகனப்ரியா. "நீங்களே போடறீங்களா, இல்ல பரணிதரன் சார் வீடியோவ எடுக்கட்டா?"

"யாரு அந்தப் பரணிதரன்?" என்று கேட்டுக்கொண்டே ஹேமநாதன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.