மூட்டைகள் காத்த சமாதானம்

"அடிக்கப் போறல்ல எண்டா, பொறகென்னத்துக்கு சேர் கம்பு?"

ஒன்பதாம் வகுப்பில் நுஸ்ஹா என்ற பிள்ளை ஒருமுறை கேட்ட கேள்வி இது. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளின் பேரறிஞர்கள் எண்பது வருடமாக இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. குடியியல் ஆசிரியர் அபுல் ஹஸன் இரண்டே சொல்லில் முடித்துவைத்தார்: "இரி புள்ள."

அப்பேர்ப்பட்ட மூளை பென்சன் எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தது நிந்தவூர் மண்ணின் பாக்கியம்.

அந்த மே மாதம், வடக்கே அணுகுண்டு வைத்திருந்த இரண்டு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. அபுல் ஹஸன் சேர் மூன்று நாள் கைபேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. நாலாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போனவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பக்கத்து வயல் கிறகரியும் ஒரு வல்லரசு.

மேட்டு வயல் சேருடையது. அவருடைய வரம்பில் வெட்டிய வக்கடை என்ற திறப்பால்தான் பள்ளத்து வயலான கிறகரியின் காணிக்குத் தண்ணீர் இறங்கும். சேர் அதை அடைத்தால் கிறகரியின் பயிர் காயும். ஆனால் சேரின் வயலில் மிஞ்சும் தண்ணீர் வடிவது கிறகரியின் காணியிலுள்ள வாய்க்காலால். அவர் அதை அடைத்தால் சேரின் பயிர் அழுகும். முப்பது வருடமாக இருவரும் இந்தப் பேராயுதங்களின் மேல் குந்தியிருந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள். எவ்வளவு அறியாமை.

உடனே 'வயற்கண்டத் தேசியப் பாதுகாப்புச் சபை' உதயமாயிற்று. தலைவர் சேர். செயலாளர் உரக்கடை றம்ஸீன். அவருடைய கடையில் வெறும் உரப்பைகள் மலையாகத் தேங்கிக் கிடந்ததற்கும் அவருடைய நாட்டுப்பற்றுக்கும் ஒரு தொடர்புமில்லை.

"நாப்பது மூட்டை மண் கட்டி வக்கடைக்குப் பக்கத்து வரம்புல அடுக்குவம்," என்றார் சேர்.

"அடைக்கிறதுக்கா சேர்?" என்றார் றம்ஸீன்.

"இல்ல. அடைக்கேலும் எண்டு காட்டுறதுக்கு. இதுக்குப் பேர் தடுப்பாற்றல்."

"அப்ப அடைக்கவே மாட்டமா?"

"அப்பிடி கிறகரி நினைச்சா தடுப்பாற்றல் போயிரும்."

"அடைப்பம் எண்டு நினைச்சா?"

"அவனும் மூட்டை கட்டுவான்."

"கட்டினா?"

"சமாதானம்."

கிறகரி கட்டினார். நாற்பதுக்கு நாற்பது. சேர் அறுபதாக்கினார், கிறகரி எழுபதாக்கினார். சேர் நூற்றிருபதுக்குப் போனார். இரண்டு தரப்புக்கும் பை விற்று வலுச்சமநிலையைப் பேணிய தியாகத்தை றம்ஸீன் எங்கும் சொல்லிக்காட்டவில்லை. இரண்டு வயலிலும் களைதான் எந்த அணியிலும் சேராமல் சுதந்திரமாக வளர்ந்தது.

"ஊரெல்லாம் புல்லுப் புடுங்கிது. நீங்க வரம்புல இருந்து என்ன செய்யிறீங்க?" என்று கேட்டாள் மனைவி சுஹறா.

"எதிரிட நோக்கத்த அவதானிக்கிறன்."

"எதிரிட பொஞ்சாதி றோசா நேத்து முருங்கக்காய் தந்தனுப்பினா."

"எத்தின?"

"பன்னெண்டு."

சேர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

சபையின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நேரம் பற்றியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நம் தரப்பு வயலில் ஆளில்லை. ஞாயிறு காலைப் பூசை நேரம் அவர்கள் பக்கத்தில் ஆளில்லை. மனிதன் படைத்தவனை வணங்கும் நேரமே அயலவன் அவனைத் தாக்கத் தோதான நேரம் என்று கணித்த ஞானம் எல்லோருக்கும் வாய்க்காது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் குத்பா உரை அயலவர் உரிமை பற்றியது. சேர் வரம்பையே நினைத்துக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்ததும் சாப்பிடாமல் வயலுக்கு ஓடினார்.

எந்த எதிரியும் தொடாமலே ஆயுதம் வெடித்திருந்தது. நூற்றிருபது மூட்டையின் பாரம் தாங்காமல் ஈர வரம்பு வாய்க்கால் பக்கம் உடைந்து, மூட்டைகள் பிரிந்து, நாற்றின்மேல் சேறாகக் கிடந்தன. வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் மிஞ்சியிருந்தது. உடைவை யாரோ அடைத்திருந்தார்கள். முப்பது மூட்டைகள், எல்லாவற்றிலும் கிறகரியின் நீலக் கயிறு.

கிறகரி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிறகரி, இஞ்ச ஆரும் வந்தாங்களா?"

"நான் ஆரையும் காணல்ல சேர்."

"உங்கட சாறன் இடுப்பு மட்டும் சேறு."

"வயல்தானே சேர். சேறு பிடிக்கத்தானே செய்யும்."

பின்னேரம் சபை அவசரமாகக் கூடியது.

"முப்பது மூட்டை நம்மட மண்ணுக்குள்ள ஊடுருவியிரிக்கி," என்றார் றம்ஸீன். "அதே நேரம் எதிரிட கையிருப்பு முப்பது குறைஞ்சிரிக்கி. இப்பிடி ஒரு வாய்ப்பு இனி வராது. ஞாயித்துக்கெழம பூசை நேரம் வக்கடைய அடைச்சிருவம். அண்டைக்குத் தண்ணி முறையும் சேருக்குத்தான்."

சேர் கொப்பியை மூடினார். "நான் தனியப் போறன். ரகசியம் முக்கியம்," என்றார்.

ஞாயிறு காலை மாதா கோயில் மணி கேட்டது. சேர் மண்வெட்டியோடு வக்கடைக்குப் போனார். கீழே கிறகரியின் பயிர் நுனி கருகி நின்றது. நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை கிறகரியின் தண்ணீர் முறை. அந்தத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பாமல், அது வந்து போன நேரமெல்லாம் அவர் சேரின் வரம்பில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

சேர் பிஸ்மி சொல்லி மண்வெட்டியை ஓங்கினார். வக்கடையை இன்னும் இரண்டடி அகலமாக வெட்டித் திறந்தார். தன் முறைத் தண்ணீர் முழுவதும் பள்ளத்து வயலுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, பூசை முடியும் மட்டும் வரம்பில் இருந்தார். பிறகு வக்கடையைப் பழைய அளவுக்குக் கட்டி, தன் கால்தடங்களை மண்வெட்டியால் தடவி அழித்துவிட்டு வீட்டுக்குப் போனார். தோள்களில் இருந்து நன்மை தீமை எழுதும் இரண்டு மலக்குகளைத் தவிர அதை யாரும் காணவில்லை. அவர்கள் சபை உறுப்பினர்களல்லர்.

"தாக்கினீங்களா சேர்?" என்றார் றம்ஸீன்.

"தேவப்படல்ல."

திங்கட்கிழமை சபை ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் வருமாறு: 'ஞாயிறு அன்று எத்தரப்பிலும் தாக்குதல் நிகழவில்லை. இரு வயல்களின் பயிரும் உயிரோடு உள்ளன. இது முழுக்க முழுக்க மூட்டைகளின் வெற்றி. ஆதலால் மேலும் இருநூறு கட்டப்படும்.'

தலைவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். உலகமெங்கும் அணுகுண்டுகளும் இப்படித்தான் சமாதானத்தைக் காத்து வருகின்றன.