தேக்சாவுக்குள் வெறும் தண்ணீர்

"கங்கு வேண்டாம் மச்சான், சொன்னா கேளுங்க. பூமிக்கு அடியிலதான் சூடு, மேல இல்ல" என்றான் கலீல்.

"மூடி மேல கங்கு போடாம எனக்குக் கை ஓடாது மச்சான். விடுங்க" என்றான் ஜமீர்.

கல்யாணச் சமையலில் ஊறிப்போன கை. பிரியாணி தேக்சாவின் விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மைதாவை ஒட்டி, அதன் நடுவே கலீல் கொடுத்த செப்புக் குழாயைச் செருகி, மூடிமேல் கரிக்கங்கைப் பரப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தான். கலீல் பல்லைக் கடித்துக்கொண்டான். மைத்துனனிடம் தேக்சாவை இரவல் வாங்கியவன் கோபப்பட முடியுமா?

கலீலுக்கு ஒரு சின்ன அறிவியல் அறக்கட்டளையில் வேலை. பூமிக்குள் இருக்கும் வெப்பத்திலிருந்து எப்படி மின்சாரம் எடுக்கிறார்கள் என்பதைக் குடியிருப்பு குடியிருப்பாகப் போய்க் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் விளக்க வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் அழகாக ஒரு பூமி செய்து வைத்திருந்தான். முந்தின நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்காரர் போட்ட பிரேக்கில் அந்தப் பூமி இரண்டாகப் பிளந்தது.

மேலதிகாரி டெபோராவுக்கு உடனே போன் செய்து, மைத்துனனின் பிரியாணி தேக்சாவை வைத்துச் சமாளித்துவிடுகிறேன் என்றான்.

"தேக்சாவா?" என்று திருப்பிக் கேட்டார் டெபோரா. "சரி, அவர் நம்பரை அனுப்புங்க. நெருப்பு விஷயம், நானே பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு கலீல். குரோம்பேட்டையில வாட்ச்மேன் மட்டும் உக்காந்திருந்தார். அஸ்தினாபுரத்துல அவர்கூட இல்ல. நாளைக்கும் ஆள் வரலன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. நான் நேர்ல வர்றேன்."

திட்டத்தை மூடினால் வேலை போகும். அதை மனைவி சித்திகாவிடம் எந்த வாயால் சொல்வது என்ற கவலையில் கலீலுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்து அபார்ட்மென்ட் வாசலில் தேக்சா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதலில் இறங்கி வந்தவள் இரண்டாம் மாடி சுஜி.

"என்ன சார், பிரியாணியா?"

"இல்லீங்க, வெறும் தண்ணி. அறிவியல் செய்முறை."

"புரியுது சார். நான் யார்கிட்டயும் சொல்லல" என்றவள், நேராகப் போய் எல்லாரிடமும் சொன்னாள்.

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. கூட்டம் வராவிட்டால் வேலைதான் போகும். பிரியாணிக்கு வந்து ஏமாந்த கூட்டம் மேடம் முன்னால் கத்தினால் வேலையோடு மானமும் போகும். ஓர் அட்டையில் 'பிரியாணி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டினான்.

அது உடனே வாட்ஸப் குரூப்புக்குப் போனது. சங்கச் செயலாளர் லாசரஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே வந்தார்.

"இல்லன்னு போர்டு மாட்டற அளவுக்கு இருக்குன்னா, எவ்ளோ இருக்கும் சார்!"

கலீல் பதறிப்போய் தேக்சாவைச் சுற்றி ஒரு ஷாமியானா துணியை இழுத்துக் கட்டினான். பிரியாணி முக்கியமானவர்களுக்கு மட்டும்தான் என்று அடுத்த பேச்சு கிளம்பியது. எல்லாரும் தங்களை முக்கியமானவர்களாக நினைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். சிலர் கையில் டிபன் பாக்ஸ் வேறு.

வாட்ச்மேன் தசரதன் ஓடி வந்தார். "இன்னா சார் நீ! சொம்மா இல்ல இல்லன்னு சொல்லிகினே கீற. பக்கத்துத் தெருவே கெளம்பி வந்துகினு கீது!"

அந்த நேரம் பார்த்து டெபோரா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

வேறு வழியில்லை. கலீல் துணியை விலக்கிவிட்டு ஆரம்பித்தான். "பூமியில ஆழமா போகப் போக சூடு அதிகம். அங்க இருக்கற தண்ணி பாறைக்குக் கீழ கொதிச்சுக்கிட்டே இருக்கும். துளை போட்டா ஆவி சீறிக்கிட்டு மேல வரும்..."

"எங்களுக்குப் பச்சத் தண்ணியே வரலையே சார்!" என்றது பின்வரிசை.

முன்னால் இருந்த இஃப்ரா என்ற சிறுமி கையைத் தூக்கினாள். "அப்ப பூமி தம் போட்டு வச்சிருக்கா அங்கிள்?"

கலீல் அசந்துபோனான். இத்தனை நாள் படம் போட்டு மாரடித்தும் அவனுக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா, தம்மேதான்! இந்த மாவு இருக்கு பாரு, இதுதான் பாறை!"

குழாய் முனையில் விசிறியைப் பிடித்தான். ஆவி பட்டதும் விர்ரென்று சுற்றியது. அதோடு இணைத்த சின்ன பல்பு எரிந்தது. குழந்தைகள் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. பெரியவர்கள்கூட எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள்.

"எல்லாம் சரி, தேக்சாவைத் தொறங்க சார்" என்றார் லாசரஸ்.

ஜமீர் மாவை உடைத்து மூடியைத் தூக்கினான். கூட்டம் மொத்தமும் எட்டிப்பார்த்தது.

"தண்ணி சார்!"

"அதைத்தானே காலையிலேருந்து சொல்றேன்!" கலீலுக்கு அழுகையே வந்துவிட்டது. டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இனி முதல் கல் எங்கிருந்து வரும் என்பதுதான் பாக்கி.

வந்தது மினிவேன். அதன் பின்கதவை ஜமீர் திறந்ததும் அடித்த வாசனையில் கூட்டம் அப்படியே திரும்பியது. உள்ளே இன்னொரு தேக்சா. அதில் அசல் மட்டன் பிரியாணி.

டெபோரா கலீலின் கையைக் குலுக்கினார். "நம்ம ட்ரஸ்ட் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்ல. இனி எவனாலும் மூட முடியாது" என்று சொல்லிவிட்டுத் தட்டு வாங்கப் போனார்.

கலீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் ஜமீரைக் கட்டிக்கொண்டான். "மச்சான், இந்த உதவியச் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்!"

"நான் எங்க மச்சான் பண்ணேன்?" ஜமீர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னான். "நேத்தே ஆர்டர் குடுத்தது உங்க மேடம். 'கலீல்கிட்ட மூச்சு விடாதீங்க, அவர் நெஜமாவே இல்ல இல்லன்னு பதறினாதான் கூட்டம் சேரும்'னாங்க."