கை நனைந்ததா, இல்லையா?

பென்னலூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய மச்சான் ரகுபதி அவர்களுக்கு,

கோதண்டம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை காவேரியும் உங்கள் மருமகள் சசிரேகாவும் வயிறு நீங்கலாக மற்ற எல்லா வகையிலும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் வயிறு உட்பட நலமாயிருக்கப் படவேட்டம்மனை வேண்டுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எந்த வருத்தத்தைச் சொன்னாலும் நீங்கள் "அட, வுடு மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்தே ஆகவேண்டும்.

சசிரேகாவைப் பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிடாதே, பையனுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட், இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிற இந்தச் சனி ஞாயிறை விடாதே, ஒரகடம் தாண்டி ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட் இருக்கிறது, இரண்டு குடும்பமும் அங்கே போய்த் தங்குங்கள், நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிட வை, மாப்பிள்ளை வீட்டார் நம் செலவில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் அவர்களே நினைத்தாலும் பின்வாங்க முடியாது என்று எனக்கு யோசனை சொன்ன புண்ணியவான் யார்? நீங்கள். இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் காபியோடு எழுந்து போனதும், காபி கணக்கில் வராது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் ரிட்டயரான நாளிலிருந்து எனக்கு வேறு கவலையே இல்லை மச்சான், இந்த ஒரு கல்யாணம்தான். அதனால்தான் நீங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏரி இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ரிசார்ட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ஏதோ கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரும் இருக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் ஏரி தெரியும் என்றார்கள், ஏறிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சாப்பாடு என்ன என்று கேட்டால், சமையல்காரர் போன வாரம் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டாராம், அங்கே பி.எஃப். பிடிக்கிறார்கள், இங்கே பிடிப்பதில்லை, நீங்களே சொல்லுங்க சார், போகாமல் என்ன செய்வார் என்று மேனேஜர் என்னிடமே நியாயம் கேட்கிறார். இதற்குள் பையன் பிரவீனும் அவனுடைய அப்பா அம்மாவும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் பெயர் லீலா. அவர் பேசும்போது வீட்டுக்காரர் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுகிறார். வந்ததும் வராததுமாக லீலா அம்மாள் சிரித்துக்கொண்டே, "தப்பா நெனச்சிக்காதீங்க, முடிவாவாம நாங்க கை நனைக்க மாட்டோம், எங்க வூட்டு வழக்கம் அது" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். எனக்கு வந்ததே ரோஷம். பிஸ்கட் எத்தனை வேளைக்குத் தாங்கும்? நல்ல ஓட்டலாக மட்டும் கிடைக்கட்டும், வழக்கமாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டு எல்லாரையும் வேனில் ஏற்றினேன்.

முதலில் சுங்குவார்சத்திரம். இட்லி பஞ்சுபோல் இருக்கும் என்று டிரைவர் சத்தியம் செய்த ஓட்டல். உள்ளே ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லாக்காரர் தலையை நிமிர்த்தாமலே எந்தக் கம்பெனி, டோக்கன் எங்கே என்றார். டோக்கன் இல்லை, நாங்கள் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். அவர் அது ஜெனரல் ஷிஃப்ட்டா என்று கேட்டார். அங்கிருந்து திரும்பிப் படப்பை ரோட்டில் ஒரு பிரியாணிக் கடை. வாசனை வேனுக்குள் வந்ததும் லீலா அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார், நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் உட்கார இடமில்லை, பார்சல் மட்டும்தான். நின்றுகொண்டு தின்கிற இடத்தில் சம்பந்தம் பேசக்கூடாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட, வேன் மறுபடியும் ஒரகடத்துக்குத் திரும்பியது. உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட என்னால் ஆகாது.

கடைசியில் போனில் தேடினேன். ஏரியைப் பார்த்தபடி ஓர் ஓட்டல், ஐந்து ஸ்டார் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் ஏன் கட்டம் கட்டமான எழுத்தில் இருக்கிறது என்று பசியில் யோசிக்கவில்லை. போனபிறகுதான் தெரிந்தது, கார் கம்பெனிகளுக்கு வந்திருக்கும் கொரியாக்காரர்களுக்காக நடத்துகிற ஓட்டல். ஆனால் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஏரி இருந்தது, சுவர் இல்லாத ஏரி. பரிமாறுகிற அருள்பாண்டி தென்காசிப் பிள்ளை, தங்கமான பிள்ளை. "இது முட்டைக்கோஸ் ஊறுகாய்தாம்யா, பயப்படாம சாப்பிடுங்க" என்று சொல்லி, மேசை நடுவிலேயே அடுப்பைப் பற்றவைத்து, கோழியைக் கத்தரிக்கோலால் வெட்டி வாட்டி, ஆளுக்கு இரண்டு குச்சியும் கொடுத்தான். என் குச்சியிலிருந்த கோழி உங்கள் தங்கையின் காபித் தம்ளருக்குள் போய் விழுந்தது, அது தனிக்கதை. லீலா அம்மாளோ அருள்பாண்டி பிடித்துக் காட்டினதைப் பார்த்து ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே. கோழி போனது, சோறு போனது, ஊறுகாய்க் கிண்ணம் இரண்டு தடவை நிரம்பிக் காலியானது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கை நனைத்தாயிற்று, பெண் கரையேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, "அப்ப நல்ல நாள் பாத்துடலாங்களா சம்பந்தி?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் குச்சியைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார். "பாருங்க, கை எங்க நனைஞ்சிகீது? குச்சியிலதான துன்னேன்? இது கணக்குல வராதுங்க."

மச்சான், அந்த வாதத்துக்கு முன்னால் வக்கீல் தோற்றார். இதற்குமேல் இன்னொரு சிக்கல். சாப்பிட்டு முடித்ததும் அருள்பாண்டி ஆளுக்கொரு சூடான ஈரத்துண்டு கொடுத்தான், லீலா அம்மாள் அதில் கை துடைத்தார், கை நன்றாகவே நனைந்தது. நான் உடனே சுட்டிக்காட்டினேன். சாப்பிடும்போது நனையவில்லை, நனைந்தபோது சாப்பாடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். போய் உங்கள் மச்சானுக்குத் தகவல் சொல்கிறோம் என்று இன்று காலையில் கிளம்பியும் விட்டார்கள். நம் பக்கத்தில் வழக்கம் வகையறா தெரிந்த பெரியவர் நீங்கள்தான். குச்சியில் தின்றால் கை நனைத்ததாகக் கொள்ளலாமா, துண்டில் துடைத்த ஈரம் செல்லுமா என்று தீர விசாரித்து நீங்கள்தான் ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டும். செல்லும் என்றால் நாளைக்கே தாம்பூலத் தட்டோடு போய் நிற்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் வேளாவேளைக்கு வீட்டிலேயே சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
கோதண்டம்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைச் சசிரேகாவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தாள், முடித்தபோது சிரிப்பு இல்லை. "அந்தம்மா துன்னாங்களா இல்லியான்னே பாத்துகினு இருந்தியேப்பா, நான் சாப்ட்டனான்னு பாத்தியா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது, அவள் குச்சிகள் கடைசிவரை காகித உறைக்குள்ளேயே இருந்தன. நேற்று வேனில் ஏறுவதற்கு முன், மொட்டை மாடியில் ஏரி பார்க்கும்போதே பிரவீன் சொல்லிவிட்டானாம், கல்யாணத்துக்கு அப்புறம் ஷிஃப்ட் வேலையெல்லாம் சரிப்படாது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று. இவள் இந்த வருஷம்தான் கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். ஸ்வீட் பாக்கெட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தாளே, அன்றைக்கு அவள் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள். என்னிடம் சொல்லவேண்டியதுதானே என்றேன். நீ ரொம்ப சந்தோஷமா இருந்தியேப்பா என்றாள். மச்சான், என் பெண் பட்டினியாக உட்கார்ந்திருந்தாள், நான் யாரோ ஒரு அம்மாள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். லீலா அம்மாள் போன் செய்தால் நீங்களே சொல்லிவிடுங்கள், பெண் கை நனைக்கவில்லை என்று. வழக்கம் தெரிந்த மனுஷி, அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்.